விரல் நுனியில் ஒரு புள்ளி

பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவளுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் ராங்கி. முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'ராங்கி'. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? பத்தொன்பது வருஷமாக அந்தக் கொட்டகையில் அவள் வைத்ததுதான் சட்டம். தண்ணீர் பீய்ச்சும் கன் ஓடும்போது எவனாவது குறுக்கே கை நீட்டினால் தொலைந்தான். "கை கடையில விக்குதுன்னு நெனச்சியா? எடு அந்தப் பக்கம்" என்று விழும் ஒரு ஏச்சு.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. சேற்றை நேராக அடித்தால் தண்ணீர் அவள் முகத்துக்கே தெறிக்கும். சாய்த்து அடித்தால் சேறு அடியோடு பெயர்ந்து வரும். கன்னை அழுத்தியதும் அது ஆளைப் பின்னால் தள்ளும் என்பதால் வலது காலைப் பின்னே ஊன்றித்தான் நிற்பாள். பெயின்ட்டில் குண்டூசித் தலையளவு ஓட்டை தெரிந்தால் போதும், அந்த இடத்தை விட்டு விலகிவிடுவாள். தண்ணீர் அதற்குள் புகுந்தால் பெயின்ட்டை உள்ளங்கை அகலத்துக்கு உரித்துவிடும்.

ஊருக்குத்தான் உபதேசம். கன்னின் நுனியில் தண்ணீர் வரும் நாசிலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க அவளே இடது கையை ஒரு முழம் தள்ளித் தண்ணீருக்குக் குறுக்கே வீசுவாள். கையில் விழும் தள்ளலை வைத்தே அழுத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். பழைய மிஷின் அதைப் பொறுத்துக்கொண்டது.

புது மிஷினுக்கு மூன்று மடங்கு அழுத்தம். அது வந்த இரண்டாம் நாள், காலை ஏழு மணிக்கு, பழக்க தோஷத்தில் கையை வீசினாள். முழத்துக்குப் பதில் சாண் தூரம் ஆகிவிட்டது. எறும்பு கடித்தது போல் சுள்ளென்றது. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. நல்லவேளை என்று கையுறையை மாட்டிக்கொண்டு நாலு பஸ்ஸைக் கழுவினாள். எட்டு மணிக்கு விரல் விண்ணென்று இறுகியது. ஒன்பதுக்கு மரத்துப்போனது. தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள்! நானே கையை நீட்டினேன் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வாள்?

பத்தரைக்குக் கையுறையைக் கழற்ற முடியவில்லை. போர்மேன் கத்தரியால் வெட்டியெடுத்தார்.

"என்னக்கா இது, இப்படி வீங்கியிருக்கு?"

"பஸ் கதவுல மாட்டிக்கிச்சு."

ஆஸ்பத்திரி டாக்டரிடமும் அதையே சொன்னாள். "இப்பத்தான் பட்டுச்சு" என்றும் சேர்த்துக்கொண்டாள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருந்தது. மாத்திரை எழுதித் தருகிறேன், வீக்கம் தானாக வடியும் என்றார் டாக்டர்.

போர்மேனின் போன் வந்ததும் தையல் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடிவந்த கணவர் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கதவு நசுக்கினா நகம் கறுக்கும். இது ஊசி ஏறுன ஓட்டை மாதிரில்ல இருக்கு? எனக்குத் தெரியாத ஊசியா? உண்மையச் சொல்லு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தண்ணி உள்ள போயிருச்சுங்க. மிஷினோட சோப்புத் தண்ணி. காலைல ஏழு மணிக்கே."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை. அடுத்த கால் மணி நேரத்தில் அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். விரலைக் கீறிப் பார்த்தபோது சோப்புத் தண்ணீர் நரம்போடு ஓடி உள்ளங்கைப் பாதிவரை வந்திருந்தது. கையைக் காப்பாற்றிவிட்டார்கள். விரலின் மேல் கணுவைக் காப்பாற்ற முடியவில்லை. பட்டவுடனே வந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் டிரைவர்கள் நாலு பேர் பழப் பையோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"கதவுல மாட்டிக்கிச்சாமேக்கா?" என்றான் ஒருவன்.

கணவர் வாயைத் திறக்கப் போனார். அவள் அவரைக் கையமர்த்தினாள்.

"கதவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் கைய நீட்டினேன். உங்ககிட்டச் சொல்ல வெக்கப்பட்டு நாலரை மணி நேரம் மறைச்சேன். ஒரு கணு போயிருச்சு."

எவனாவது சிரிப்பான் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவனும் சிரிக்கவில்லை.