தாளில் விழாத மணி

டெலிபிரிண்டரில் எழுத்தை யாரும் அடித்துவிடலாம். தாளில் ஒன்றுமே விழாத சாவிகளோடு மாரடிப்பதுதான் உத்தியோகம். ஒன்று மணி அடிக்கும், ஒன்று வரியின் தொடக்கத்துக்கு இழுத்துவரும், இன்னொன்று தாளை மேலே தள்ளும். அறுபதுகளில் கோயமுத்தூர் தந்தி ஆபீசில் இருந்தேன். அந்த இரைச்சலில் என்னைப் போலவே காதைத் தொலைத்தவர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

சாமி திரும்பிப் பார்க்க

ஊரை ஒட்டிய கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர் பழனிச்சாமி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய மகளை ரயில் ஏறக் கூடாது என்று பம்பாய் டாக்டர் தடுத்துவிட்டார். மகள் எப்படி இருக்கிறாள் என்று மாப்பிள்ளைக்குத் தந்தி கொடுக்க வந்தவர், உள்ளே மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டார். அவசரத் தந்தி என்றால் எதிர்முனை ஆபரேட்டரை உசுப்புகிற மணி அது, சாதாரணத் தந்திக்கு அடித்தால் சூப்பர்வைசர் என் தோலை உரித்துவிடுவார் என்றேன். மனிதர் விடவில்லை.

"என்ற தந்திக்கும் ஒரு மணி அடிச்சுப்போடுங்க அம்மணி. கோயில்ல மணியடிச்சாத்தானுங்க சாமியே திரும்பிப் பாக்குது!"

கறுப்புப் பட்டை

மறுநாள் பதில் வரும்போது ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தார். பம்பாயில் யாரோ தாளைத் தள்ளும் சாவியை மறந்துவிட்டார்கள். வரிமேல் வரியாக ஒரே இடத்தில் அடித்து, விலாசத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டைதான் மிச்சம். மறுபடி அனுப்பச் சொல்வதற்குள் அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

இழவுக் கடிதத்துக்கு ஓரத்தில் கறுப்பு மை தடவுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவர் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். இது மிஷின் கோளாறுங்க என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை.

"கறுப்புத் தடவியே அனுப்பிப்போட்டாங்க. இனி அதுல என்னத்தப் படிக்கறதுங்க அம்மணி?"

நாலு மூலை மஞ்சள்

மறுமுறை தெளிவாக வந்தது: பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். ஓடிப்போய் உரக்கப் படித்தேன். நம்பாமல் திரும்பப் படிக்கச் சொன்னார். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

மாலையில் வாழ்த்துத் தந்தியோடு வந்தார். படிவத்தின் நாலு மூலையிலும் மஞ்சள்! எழுத்துதானுங்க போகும், மஞ்சள் போகாதுங்க என்றேன்.

"தாள்ல உழுகாத மணி பம்பாய் வரைக்கும் போவுது, இந்த மஞ்சள் மட்டும் போவாதுங்களா?"

மஞ்சளுக்குப் பதிலாக ஒரு மணி அடித்து அனுப்பினேன், பம்பாய் ஆபரேட்டர் புகார் சொல்லி மெமோ வந்தது, என் சர்வீஸில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிய மெமோ அது ஒன்றுதான்.