அந்தரத்தில் நின்ற கை

பேய், மாயம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். திருவனந்தபுரத்தில் ஒரு மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவிக்குள் போகுமுன் மாதிரிகளில் சொட்டுச் சொட்டாக மருந்து கலக்க வேண்டும். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழிகள், குழிக்கு ஒரு மாதிரி. வருடக்கணக்காக அதைக் கையால் செய்தவர் ராஜம்மாள் அக்கா. பிறகு அந்த வேலைக்கு ரோபோ வந்தது.

"அதுக்குக் கண்ணு உண்டோ சாரே?" என்று அக்கா கேட்டார்.

"உங்களுக்கு வாய் இருக்கே, அது போதும்" என்றார் மேலாளர். அக்காவை பாட்டில் கழுவ அனுப்பினார்கள். ரோபோவை ஓட்டும் வேலை எனக்கு வந்தது.

ஒரு ஹர்த்தால் நாள். பஸ் இல்லை, அக்கா தன் ஊரான விதுராவில் வீட்டோடு. நான் சாலை பஜாரில் இருந்த என் அறையிலிருந்து நடந்தே வந்தேன். ஒரு பெண்ணின் முதல் குழந்தை நோயில் இறந்துவிட்டது, வயிற்றில் இரண்டாவது. அதற்கும் அந்த நோய் உண்டா என்று தெரிய, இறந்த குழந்தையின் மாதிரியோடு ஒப்பிட வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே துளி. அது கெட்டால் இன்னொன்றுக்கு எங்கே போவது?

மத்தியானம் தட்டை வைத்துப் பொத்தானை அமுக்கினேன். ரோபோவின் கை தட்டுக்கு மேலே வந்து நின்றது, இறங்கவில்லை. திரையில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. திட்டிக்கொண்டே மறுபடி அமுக்கினேன். அதே இடத்தில் மறுபடியும் நின்றது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அடையாளத்துக்காகத் தட்டில் வெட்டியிருக்கும் மூலை முன்பக்கம் இருக்க வேண்டும், பின்பக்கம் இருந்தது. முன்பின்னாக மாற்றி வைத்திருக்கிறேன். கை இறங்கியிருந்தால் ஒருவருடைய குழிக்கான மருந்து இன்னொருவர் குழியில் விழுந்திருக்கும், அந்தத் துளி நாசம். திருப்பி வைத்தேன், ஒழுங்காக ஓடியது. தட்டு எப்படி இருந்தாலும் அதற்குத் தெரியாது, நிற்க வழியே இல்லை என்று பின்னால் கம்பெனி எஞ்சினியர் அடித்துச் சொன்னார்.

சாயங்காலம் அக்காவின் போன்.

"எடா, தட்டைத் திரிச்சு வெச்சியா?"

"ஒங்களுக்கு ஆரு அக்கா சொன்னா?"

"ஆரும் சொல்லல்ல. தட்டு திரிஞ்சிருந்தா பண்டும் என் கை அப்படியே நிக்கும். மத்தியானம் சோறு விளம்புறப்போ ரெண்டு தடவை அந்தரத்துல நின்னுட்டு. வீட்டுக்காரரு பக்கவாதம்னு பேடிச்சு அலறிட்டாரு. காலையில தோசை ஊத்துறப்பவும் ஒருக்கா நின்னுது கேட்டியா, அப்போ கவனிக்காம கையை அமுக்கி ஊத்திட்டேன்."

நம்பினால் நம்புங்கள். வயிற்றிலிருந்த பிள்ளைக்கு நோய் இல்லை, நன்றாகப் பிறந்தான்.

ஆனால் அன்று காலையில் வேறு நோயாளிகளின் தட்டு ஒன்றை ஓட விட்டுவிட்டு நான் வாட்ச்மேனோடு டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பியபோது ஓடி முடிந்திருந்தது. எந்தப் பக்கம் வைத்திருந்தேன் என்று பார்க்காமலே எடுத்துவிட்டேன். அந்த முடிவுகளெல்லாம் அவரவர் கைக்குப் போய்விட்டன.