நல்ல தண்ணீரில் ஓடாத இஞ்சின்

பெற்றோல் புகையும் கடல் உப்பும் கலந்த ஒரு வாசம்... பாசிக்குடாவில் சீசன் முடிந்து வாடைக்காற்று தொடங்கினால், தன்னாமுனையில் எங்கள் வளவு முழுக்க அதுதான் மணக்கும்.

நானும் ஓட்டமாவடி பைசலும் ஒரு போட்டில் சுற்றுலா ஆட்களை ஏற்றிய காலம் அது. இஞ்சின், பைசலுக்கு அவனுடைய மாமனார் வாங்கிக் கொடுத்தது. எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் என்பதால், மாரி முடியும்வரை போட்டிலிருந்து கழற்றி எங்கள் வீட்டில்தான் வைப்போம்.

பீப்பாயில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, இஞ்சினின் அடிப்பக்கத்தை அதற்குள் இறக்கி, ஓடவிட்டு, சூடு தணிக்க அது உறிஞ்சிய கடல் தண்ணீரால் உள்ளே படிந்த உப்பைக் கழுவ வேண்டும். பிறகு பெற்றோலை வடித்து, பிளக்கைக் கழற்றி ஒயில் விட்டு, நிமிர்த்திக் கட்ட வேண்டும். இருவர் சேர்ந்தாலே அரை நாள் போகும்.

அந்த வருடம் பைசலின் மனைவிக்குப் பிள்ளைப்பேறு. ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்தான்.

"மச்சான், நல்ல தண்ணியில இருவது நிமிசமாவது ஓடவிடு. மறந்திராத."

"நான் பாக்கன்டா. நீ புள்ளையப் பாரு."

அன்று டவுனில் ஒரு கிரிக்கெட் மேட்ச்...

வெளிப்பக்கத்தை மட்டும் எண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து, தறப்பாளைச் சுற்றிவிட்டு ஓடிவிட்டேன். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. பைசல் கேட்டபோது, "ஓம், எல்லாம் முடிஞ்சு" என்றேன். மழை விட்டதும் செய்துவிடலாம் என்று நினைப்பு.

மழை விட்டது. நான் செய்யவில்லை.

மாசியில் முதல் சவாரி. கரையை விட்டு நல்ல தூரம் போனபிறகு இஞ்சின் கொதித்து இறுகிப்போனது. வேறொரு போட்தான் எங்களைக் கட்டி இழுத்து வந்தது. கரையில் பைசலின் மாமனார் நின்றார்.

"ஒரு இஞ்சினப் பாத்துக்கொள்ளத் தெரியாதவன், என்ட மகள எப்பிடிப் பாக்கப் போறாய்?"

அத்தனை பேருக்கு முன்னால்...

பைசல் தலையைக் குனிந்துகொண்டான். "பெற்றோலுக்கு ஒயில் குறைச்சுக் கலந்திட்டன் போல மாமா. என்ட பிழைதான்."

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கிழமையே மாமனார் இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். யாராவது திறந்து பார்த்திருந்தால் உள்ளே அடைத்திருந்த உப்பு தெரிந்திருக்கும். ஒருவரும் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் பைசல் டிரைவர் வேலைக்கு கட்டார் போனான்.

போன மாதம் லீவில் வந்திருந்தான். ஏறாவூரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"இத மாமா இரிக்கக்குள்ள சொல்லியிரிக்கலாமேடா... மௌத்தாகும் வரைக்கும் அவரு என்ட கையில ஒரு சாமானையும் நம்பித் தரல்ல."

இப்போது ஒரு ஹோட்டலின் போட் இஞ்சின்கள் எல்லாம் என் பொறுப்பில். மாரிக்கு முன் ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஓடவிடுகிறேன். யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

அன்று கரையில் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. இத்தனை வருடம் கழித்துச் சொன்னேன்... அதைக் கேட்க வேண்டிய மனிதர் இல்லை.