சீலிங் ஃபேன் ஒன்று அன்பளிப்பு

நன்கொடை விழாக்களுக்கு என்னைப் பேசக் கூப்பிடுவதன் காரணம் எளிது. சிரித்துக்கொண்டிருப்பவன் பையில் கை விடும்போது யோசிக்க மாட்டான் என்று ஏற்பாட்டாளர்கள் நம்புகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் போடுகிற மயக்க ஊசி மாதிரி இருபது நிமிடம் நான்.

போன வருடம் சங்ககிரியில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை. பதினெட்டு வயதானதும் காப்பகத்திலிருந்து வெளியே வந்து, தங்க இடமில்லாமல் நிற்கிற பிள்ளைகளுக்காக நிதி. முன்வரிசையில் லாரி ஓனர்கள், போர்வெல் போடும் ரிக் வண்டி ஓனர்கள். “வீடு என்பது நாலு சுவரல்ல, நாலு மனிதர்கள்” என்று முடித்தேன். நல்ல கைதட்டல். உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் அடுத்து மேடையேறிய பெண்ணைப் பார்த்தேன். புரையேறியது.

அந்த விழாவுக்கு மூன்று வாரம் முன் அவள் திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு கேட்டைத் தட்டியிருந்தாள். ‘மாடி வாடகைக்கு’ என்ற போர்டைப் பார்த்து வந்தவள். என் மனைவி மோர் கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினாள்.

“எந்தூரு சாமி?”

“ஆத்தூர்ல, ஹோம்ல வளந்தேங்க.”

“அதுக்கு முந்தி?”

“தெரியலைங்க.”

“செரி, சொந்தம்பந்தம்னு யாராச்சும்?”

“இல்லைங்க. ஸ்கேன் சென்டர்ல வேலை. சம்பளம் மாசாமாசம் வந்துருதுங்க.”

இந்தக் கேள்விகளில் சாதி என்ற சொல் ஒருபோதும் வராது. அதுதான் எங்கள் நாகரிகம். மனைவி என்னைப் பார்த்தாள். மனிதநேயத்தைப் பற்றிய புத்தகங்கள் இரண்டு தட்டு நிறைய இருக்கும் அலமாரிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். “அடடா, மாடி காலியில்லைங்களே, காலையிலதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாருங்க” என்றேன். அட்வான்ஸும் இல்லை, ஒருத்தரும் இல்லை. அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். போர்டைக் கழற்றக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அவள் மைக்கைப் பிடித்தாள்.

“எனக்குப் பணம் வேண்டாங்க. வாடகை குடுத்துருவேன். ஒரு ரூம்தான் வேணும். இப்ப இருக்கற ஹாஸ்டலை மூடறாங்க, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். உங்க யார்கிட்டயாச்சும் ரூம் இருந்தா சொல்லுங்க.”

முன்வரிசையில் ஆளாளுக்குப் போனை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்களின் மாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சங்ககிரி மலையைத் தாண்டும்.

கடைசியில் ஒரு ரிக் ஓனர் எழுந்தார். “புள்ள ஊடு போறப்ப வெறுங்கையோட போகக் கூடாதுங்க. கேஸ் அடுப்பு என்னுது!”

அவ்வளவுதான். சீர் வைத்தே பழகிய மண்டபம்.

“கட்டில் நம்முளுது!”

“பீரோ நானுங்க!”

“அவரு ஒத்தைக் கதவு பீரோதான் குடுப்பாரு சாமி, நான் ரெட்டைக் கதவு தாரேன்!”

கிரைண்டர் வந்தது, மிக்ஸி வந்தது. ரூம் மட்டும் வரவில்லை. அவள் மைக்கைப் பிடித்தபடி ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க பேச்சாளரே, வெறும் வாய்தானுங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எழுந்தேன். “சீலிங் ஃபேன் ஒண்ணு” என்றேன். அதை மாட்டக் கூரை வேண்டும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

பந்தியில் இருந்தபோது ஏற்பாட்டாளர் அவளையும் அழைத்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருக்காரர். “உங்க மாடி காலியாத்தானுங்களே கெடக்குது? புள்ளைக்கு ஊடு அமையற வரைக்கும் சாமானெல்லாம் அங்க போட்டு வெச்சுக்கலாங்களா?”

“தாராளமா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “அட்வான்ஸ் குடுத்தவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்களா?”

எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என் தொழில். சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் ஏற்பாட்டாளரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, பதிலுக்காக நின்றாள். “நீயே வந்து இரு சாமி” என்று சொல்ல மூன்று விநாடி போதும். அதற்குள் ரசம் வந்தது. ரசம் வாங்கிக்கொண்டேன்.

சாமான்கள் மினி லாரியில் வந்து இறங்கின. பீரோவிடம் என் மனைவி எந்தூரு என்று கேட்கவில்லை. மாதம் முடிந்து ஹாஸ்டலை மூடினார்கள். அவளுடைய போன் சுவிட்ச் ஆஃப். வேலைக்கு வருவதில்லை என்று ஸ்கேன் சென்டரில் சொன்னார்கள். எங்கே போனாள் என்று ஏற்பாட்டாளருக்கும் தெரியவில்லை. அவர் அடுத்த விழாவுக்கு என்னிடம் தேதி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாடியில் நடக்க இடமில்லை. போர்டைக் கழற்றிவிட்டேன். மாடி காலியில்லை என்று அன்று அவளிடம் சொன்னது இப்போது பொய்யில்லை.