சூடு பார்க்கிறவன்

வண்டி வந்து நின்றதும் அவன் முதலில் குனிவான். வந்தவர் யார், என்ன வேண்டும், எதுவும் கேட்கமாட்டான். நாலு டயரிலும் ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருப்பான். பிறகு நிமிர்ந்து, அப்போதுதான் ஆளைப் பார்க்கிறவன் போல, "சொல்லுங்க" என்பான். புதிதாக வருகிறவர்கள் இது என்ன சடங்கோ என்று வாயைத் திறக்காமல் நிற்பார்கள்.

ஊரில் அவனுக்குச் சூட்டுக்காரன் என்று பெயர். டயர் கடையின் பலகையில் வேறு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. எனக்கு அவன் மகன் முறை. அவன் அம்மாவும் நானும் ஓர்ப்படிகள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். அவள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்த்தது புறங்கையால். இவன் பார்ப்பது உள்ளங்கையால். ஆனால் கண்ணை மூடுகிறானே, அது அவளேதான். நான் இருப்பது கடைக்கு மேல்மாடியில். முழங்கால் இடம் கொடுக்கிற நாளில் இறங்கி வந்து, இரண்டு பழைய டயரை அடுக்கி மேலே பலகை போட்டு எனக்கென்று அவன் செய்து வைத்திருக்கும் இருக்கையில் உட்கார்ந்துகொள்வேன்.

கையை வைத்தால் என்னதான் தெரியும் என்று கேட்டிருக்கிறேன். டயரின் நடுவில் சூடு என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சூடு என்றால் காற்று போதாது. உள்ளோரம் மட்டும் என்றால் சக்கரம் சாய்ந்திருக்கிறது. இதெல்லாம் கருவி வைத்துப் பார்த்தாலும் தெரிகிற சங்கதிதான். ஓட்டுகிறவர் பக்கத்தைவிட மற்றப் பக்கத்து இரண்டு டயரும் கொஞ்சம் கூடச் சூடாக இருந்தால், பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து வந்திருக்கிறது என்று சொல்வான். இதைச் சொல்லக் கருவி கிடையாது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முறை அகப்பட்டுக்கொண்டார். சரக்கு எடுக்கத் தனியாகப் போய்வந்ததாக வீட்டில் சொல்லியிருக்கிறார். வழியில் மனைவியை ஏற்றிக்கொண்டு நேராக இங்கே வந்தால், இவன் பின் டயரில் கையை வைத்துவிட்டு, "அம்மா இப்பத்தானே ஏறியிருக்காங்க? அதுக்கு முன்னாடி ரொம்ப தூரம் வேற ஆள் வந்திருக்கே" என்று ஒரு கபடும் இல்லாமல் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவர் இந்தத் தெருவில் தலைகாட்டுவதில்லை. அந்த அம்மாள்தான் மாதம் தவறாமல் வண்டியைக் கொண்டுவருகிறாள்.

ஊருக்கு வெளியே கார்ப் பந்தயத்துக்கு ஒரு டிராக் இருக்கிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிற தார்ச்சாலை. அதில் ஓட்டுவதற்கென்றே தனி டயர் உண்டு. பார்வைக்கு மொட்டை, மழைத் தண்ணீரை ஒதுக்குகிற பள்ளம் எதுவும் அதில் இருக்காது. சூடேறினால் மாவு மாதிரி இளகித் தரையைப் பிடித்துக்கொள்ளும். புது டயரில் நகத்தை அழுத்தினால் பிறை விழும். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் இறுகிவிடும். "ரப்பர் செத்துடுச்சு" என்பான் அப்போது.

டிராக்கில் ஓடிவிட்டு வருகிற டயரைப் பார்த்தால் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடும். போன வழியில் கிடந்ததெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்ற வண்டிகள் உதிர்த்த ரப்பர்த் துணுக்கு, மணல், ஒரு தடவை யாருடைய கையுறையிலிருந்தோ பிய்ந்த தோல். சூட்டுக்காற்று அடித்து, தட்டையான கத்தியால் சுரண்டி எடுப்பான். சுரண்டியதை ஒன்றாகக் கொட்டமாட்டான். வண்டிக்கு ஒரு தகர டப்பா. ஏன் என்று கேட்டதற்கு, "ஒருத்தர் கூட்டிட்டு வந்தத இன்னொருத்தர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது பெரியம்மா" என்றான்.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய இளவட்டங்கள் வந்து எந்த டயர் மாட்டலாம் என்று கேட்பார்கள். ரோட்டு டயர் என்றால் பிடிப்புக் குறைவு, டிராக் டயர் என்றால் சீக்கிரம் தேயும், நீங்களே சொல்லுங்கள் என்பார்கள். இவன் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "ரோட்டு டயர் எல்லாத்தையும் உதறிட்டு வரும். டிராக் டயர் கூட்டிட்டு வரும். போறது இருக்கட்டும், திரும்பி எதுல வருவீங்க?" அவர்கள் சிரிப்பார்கள். இவன் சிரிக்கமாட்டான். அதற்குக் காரணம் இவனுடைய அத்தான்.

அத்தான் என்றால் இவன் அக்காளின் வீட்டுக்காரர். தண்ணீர் பம்ப் விற்கிற கடை வைத்திருந்தார். இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய சிவப்புக் கார் ஒன்றைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. "மொட்டைக்கு மொட்டைதான் பொருத்தம்" என்று இவன் டிராக் டயரை உருட்டிக்கொண்டு வருவான். அவரும் விடாமல், "உனக்கு உள்ள மொட்டைடா" என்பார். டிராக்குக்குப் போகிற நாளில் இவன் பின்னாலேயே வேனில் மாற்று டயர்களோடு போவான். ஓட்டி முடித்ததும் ரோட்டு டயரை மாட்டி வீட்டுக்கு அனுப்புவான். ஒரு நாள் இவனை அவசரமாக வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீ கிளம்பு, இதுலயே மெதுவா வந்துடறேன்" என்றார் அத்தான். வழியில் தூறல் போட்டது. சாலை வளைந்தது, கார் வளையவில்லை.

காரை அவர் மகன் செப்பனிட்டு உறைபோட்டு வைத்தான். அந்த நாலு டயரையும் இவன் கழற்றிக்கொண்டுவந்து கடையின் உள்ளறையில் கொக்கியில் மாட்டினான். விற்கவில்லை, எறியவில்லை. அந்த டயர்களிலிருந்து மட்டும் எதையும் சுரண்டவும் இல்லை. அந்த அறையில் வேலை பார்க்கும்போது அவற்றுக்கு முதுகு காட்டி நிற்கமாட்டான்.

போன மழைக்காலத்தில் அக்காள் அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து கடைமுன் நிறுத்தினாள். அத்தான் போன பிறகு, ஐம்பது தாண்டி, வண்டி பழகியவள். மகன் காரை விலை பேசிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போகிறார்களாம். அதற்குள் ஒரு தடவை டிராக் வரைக்கும் போய், அவர் வந்த வழியிலேயே திரும்பி வரவேண்டும் என்றாள். அதற்கு உள்ளே தொங்குகிற அந்த நாலையும் மாட்டவேண்டும்.

ரோட்டு டயரிலேயே போகலாமே என்றான் இவன்.

"அது உதறிட்டு வரும்னு நீதானேடா சொல்லுவ. எனக்குக் கூட்டிட்டு வரணும்."

இவன் கையிலிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. அக்காள், இன்றைக்குப் பால் வரவில்லை என்று சொல்கிற குரலில் மேலே சொன்னாள்.

"அவர் அந்த வளைவுலதான் நின்னுக்கிட்டு இருக்கார். வழி தெரியாம இல்ல. வர்றதுக்கு வண்டி இல்ல."

இவன் உள்ளே போய் ஒரு டயரை இறக்கிக்கொண்டு வந்தான். ரப்பர் எப்போதோ செத்துவிட்டது, கல் மாதிரி இருக்கிறது, பார் என்று தன் கட்டைவிரல் நகத்தை அழுத்திக் காட்டினான். ஒன்றும் பதியவில்லை. அக்காள் குனிந்து தன் நகத்தை வைத்தாள். எடுத்தபோது அந்த இடத்தில் பிறை விழுந்திருந்தது. நானும் பார்த்தேன். இவன் டயரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

பிறகு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டான். "சூடேறினாத்தான் அக்கா அது எதையும் கூட்டிட்டு வரும். ரோட்டுல நீ போற வேகத்துக்கு அது சூடே ஏறாது. தண்ணி கிடந்தா வழுக்கிட்டுப் போயிடும். நீயும் அங்கயே நின்னுடுவ. அப்புறம் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர யார் போறது?"

நீ மாட்டாவிட்டால் எதிர்த் தெருவில் மாட்டுவார்கள் என்றாள். மாட்டுவார்கள், தெரியும் என்றான். இரண்டு பேரும் அவர்கள் அம்மா மாதிரியே. பிடித்தால் விடுகிற சாதி இல்லை.

"அப்ப ரோட்டு டயர்ல ஒண்ணுமே ஒட்டாதா?" என்று கேட்டாள் அக்காள்.

இவன் எழுந்து, பக்கத்தில் நின்ற வேறொரு காரின் டயர்ப் பள்ளத்திலிருந்து ஸ்க்ரூடிரைவரால் ஒரு சின்னக் கல்லைக் கிளப்பி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "உதறும்னு சொன்னேன். எல்லாத்தையும் உதறாது. இந்த மாதிரி எதாவது பள்ளத்துல மாட்டிக்கிட்டா வீட்டு வாசல் வரைக்கும் வரும்."

அக்காள் கையை மூடிக்கொண்டாள். "சரி. பள்ளம் இருக்கறதையே மாட்டு."

புது ரோட்டு டயர் நாலையும் மாட்டி, காற்றை இரண்டு தடவை சரிபார்த்தான். நானும் வருகிறேன் என்று கதவில் கையை வைத்தான்.

"நீ பக்கத்துல உக்காந்தா அவர் எங்க உக்காருவார்?"

கையை எடுத்துவிட்டான்.

அவள் போனதும் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. இவன் ஒரே ரிம்மைத் துடைத்துக்கொண்டிருந்தான். வந்த வாடிக்கைக்காரர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்றான். அவர்கள் வண்டியில் கைகூட வைக்கவில்லை. நான் மாடிக்கு ஏறவில்லை. கடைசியாக இவன் அம்மா மருத்துவமனையில் கிடந்தபோதுதான் நாங்கள் இரண்டு பேரும் இப்படிக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மழை விட்டு வெளிச்சம் மங்குவதற்குள் சிவப்புக் கார் தெருமுனையில் திரும்பியது. கார் கடைமுன் வந்து நின்றது. உள்ளே அக்காள் ஒருத்திதான். ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இவன் வழக்கம்போல முதலில் குனிந்தான். ஓட்டுகிறவர் பக்கத்து முன் டயரில் கையை வைத்தான். பின் டயரில் வைத்தான். ஈரமும் சில்லிப்புமாகத்தான் இருந்திருக்கவேண்டும், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து, பின் டயரில் வைத்தான். வைத்த கையை உடனே எடுத்தான். உள்ளங்கையைப் பார்த்தான். மறுபடி வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் அப்படியே இருந்தான். முன் டயரிலும் அதுபோலவே.

நிமிர்ந்தபோது "சொல்லுங்க" என்று கேட்கவில்லை. முகத்தைக்கூட யார் பக்கமும் திருப்பவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து, அகலமாகப் பிடித்துக்கொண்டு, ஓர் ஆள் இறங்க இடம் விட்டு ஒதுங்கி நின்றான்.