மட்கார்டில் ஒரு தேன் நிற வட்டம்

இதை நம்பாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டில் நடந்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, நல்ல பகல் வெளிச்சத்தில். பழைய காரின் நிறத்தைத் தேடும் வேலையைப் பகலில்தான் செய்ய முடியும். "டியூப் லைட்டுல பாத்துக் கலக்குன கலர வெயில்ல கொண்டுபோய் நிறுத்துனா, அது நம்மளப் பாத்துச் சிரிக்கும்" என்பார் எங்கள் பெயிண்டர்.

என் அண்ணனுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஓரங்களில் தொடங்கி உள்நோக்கிச் சுருங்கும் நோய். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அண்ணி அவரைத் தினமும் காலையில் ஒரே நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் மாட்டிய மாதக் காலண்டரைக் காட்டுவார். தலையைத் திருப்பாமல் எத்தனை தேதி தெரிகிறது? ஆரம்பத்தில் மாதம் முழுவதும் தெரிந்தது. கார் வந்த வாரத்தில் பாதி மாதம்.

அந்தக் கார் அப்பாவுடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டிக் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். அப்பா போன பிறகு விற்றுவிட்டோம். வாங்கியவர்கள் ஆளுக்கொரு பெயிண்ட் அடித்து ஓட்டி, கடைசியில் ஒரு காயலான் கடையில் தள்ளியிருந்தார்கள். அண்ணன்தான் கண்டுபிடித்தார். இன்ஜின் நம்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவருக்கு ஒரே ஆசை. கண் அடைவதற்குள் காரை அதன் கம்பெனி நிறத்தில் பார்த்துவிட வேண்டும்.

"தேன் கலருடா. வெயில் பட்டா உள்ள வரைக்கும் தெரியும்."

அதை விற்றபோது எனக்கு மூன்று வயது. எதுவும் நினைவில்லை. நிறத்தின் எண் பொறித்த தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன.

வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் வேலை தொடங்கியது. பெயிண்டர் முன் மட்கார்டில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, எமரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, வட்டமாகத் தேய்த்தார். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வெளிவந்தது. சிவப்பு. அதற்குள் கறுப்பு. அதற்குள் நீலம். நடுவில், சட்டைப் பொத்தான் அளவுக்கு... தேன்.

"இது என்ன சார், கண்ணு மாதிரியே முழிக்குது?" என்று பெயிண்டர் சிரித்தார்.

அண்ணனைக் கைபிடித்து அழைத்து வந்தேன். தேடித்தேடி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, கடைசியில் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தார்.

"இதான். இதேதான். சீக்கிரம் அடிங்கப்பா, எனக்கு நேரம் இல்ல."

பெயிண்டர் ஒரு அட்டையில் மாதிரி கலந்து அடித்தார். காய்ந்ததும் வட்டத்தின் அருகே வைத்துப் பார்த்தோம். ஒட்டவில்லை. மறுநாள் இன்னொரு கலவை. அதுவும் ஒட்டவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க தேச்சீங்களா சார்?"

"இல்லையே."

"பொத்தான் அளவுதான் விட்டேன். இப்ப பாருங்க."

வட்டம் தம்ளர் வாய் அளவுக்கு விரிந்திருந்தது. சுற்றியிருந்த வளையங்களும் ஒழுங்காக வெளியே நகர்ந்திருந்தன. தேய்த்தால் தூள் விழ வேண்டும். தரையில் தூள் இல்லை. ஷெட் சாவி என்னிடம் ஒன்றுதான்.

"உங்கண்ணன் ஆசைல வந்து தேச்சிருப்பாரோ?"

"அவருக்குக் கதவே தெரியாதுய்யா."

அன்று காலண்டரில் அண்ணனுக்கு ஏழு தேதி தெரிந்தது. முந்தின நாள் பத்து. அதை இதோடு சேர்த்துப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் வட்டம் இன்னும் பெரிது. காலண்டரில் நான்கு தேதி.

அதற்கடுத்த நாள் காலை ஷெட்டுக்குள் நுழையும்போது என் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கார்ச் சக்கரத்தருகே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். அண்ணன் நாற்காலியில் இருந்தார். காலண்டரில் ஒரே தேதி தெரிகிறது என்று அண்ணி சமையலறையில் குரல் இறங்கச் சொன்னார்.

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"வார் அறுந்த செருப்பை ஏண்டா சக்கரத்துக்குக் கீழ போட்டே? தைக்கக் குடு."

செருப்பு அறுந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

திரும்ப ஷெட்டுக்கு ஓடினேன். பெயிண்டர் இன்னும் வரவில்லை. மணி 9:40. கூரை இடுக்கு வழியாக வெயில் நேராக மட்கார்டில் விழுந்தது. தட்டளவு தேன் நிறம். அண்ணன் சொன்னது போலவே உள்ளே வரைக்கும் தெரிந்தது... ஆழம் இருந்தது.

நடுவில் ஒரு கரும்புள்ளி. நேற்று இல்லை.

வெயிலைக் கையால் மறைத்தேன். புள்ளி விரிந்தது.

கையை எடுத்தேன். சுருங்கியது.

அண்ணனின் கண்ணை இதுதான் உறிஞ்சுகிறது என்று தோன்றியது. மூடிவிட்டால் அந்த ஒரு தேதியாவது மிஞ்சும். வேறெதுவும் யோசிக்கவில்லை. கம்பிரசரைப் போட்டேன். ஸ்ப்ரே கன்னில் சாம்பல் பிரைமர்.

ஸ்ஸ்ஸ்...

முதல் பூச்சு பிடிக்கவில்லை. கண்ணாடியில் விழுந்த தண்ணீர்போல் திரண்டு வழிந்தது.

ஸ்ஸ்ஸ்...

இரண்டாவதும் வழிந்தது.

மூன்றாவது பிடித்தது.

வீட்டுக்குள்ளிருந்து அண்ணனின் குரல்.

"லைட்ட ஏண்டா அணைச்சே?"

ஓடினேன். ஜன்னல் முழுக்க வெயில். அவர் கண் இரண்டும் திறந்திருந்தன. அண்ணி அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு தேதியும் இல்லை.

அவர் காதருகே குனிந்து, நான் செய்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் மணிக்கட்டை மட்டும் இறுகப் பிடித்தார்.

"தேச்சு எடுடா. கெஞ்சிக் கேக்குறேன்."

தேய்த்தேன். தேன் நிறம் எட்டிப் பார்த்ததும் வீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஆங்... தெரியுது."

அண்ணி அழுதுகொண்டே கேட்டது ஷெட் வரை கேட்டது. "என்னைத் தெரியுதாங்க?"

"நீ தெரியல. ஷெட்டு தெரியுது. அவன் அழுவுறான்."

பெயிண்டர் வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். கொஞ்ச நேரம் வட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். பிறகு, பயத்தை வேலையில் மறப்பவர்போல, பெட்ரோல் டேங்கைக் கழற்றினார். டேங்குக்குப் பின்னால் யாரும் மறு பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்கள். அங்கே இருப்பதுதான் கம்பெனி அடித்த நிறம்.

வெள்ளை.

கதவு அட்டைக்குப் பின்னால் வெள்ளை. டேஷ்போர்டுக்கு அடியில் வெள்ளை. மட்கார்டையே கழற்றி உள்பக்கம் பார்த்தார். அதுவும் வெள்ளை. அந்தக் காரில் தேன் நிறம் வேறெங்கும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. அண்ணன் நினைவில் இருந்தது காரின் நிறமே இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். மூடிய இமைகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ நான் யார் கண்ணால பாத்துட்டிருக்கேன்?"

பெயிண்டர் மட்கார்டைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை. போன் எடுப்பதில்லை. வட்டத்தை நான் மூடவும் முடியாது. அண்ணனுக்கு மிஞ்சியிருக்கும் பார்வை அது ஒன்றுதான். தினமும் மாலையில் ஷெட்டை நான்தான் பூட்டுகிறேன். தினமும் காலையில் வட்டம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. அது எப்படி என்பது போன வாரம்தான் தெரிந்தது. அண்ணன், காப்பி ஆற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

"நீ பூட்டிட்டுப் போனதும் ஒருத்தர் வர்றாரு. என் முன்னால குந்திக்கிட்டு, எமரி பேப்பர நனைச்சு, மெதுவாத் தேய்க்கிறாரு. வலிக்கல."

"யாருண்ணே? மூஞ்சி தெரியுதா?"

"இப்போதைக்குக் கையும் தோளும்தான்."

தம்ளரைத் தடவிப் பார்த்துக் கீழே வைத்தார்.

"வட்டம் இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்டா. மூஞ்சி தெரிஞ்சுடும்."