டிக்கெட்டோடு வந்த சாப்பாடு

அந்த ரயிலில் அவருக்குத் தராசு என்று பெயர். சமையல் பெட்டியிலிருந்து படுக்கைப் பெட்டிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய் விற்பது அவர் வேலை. பயணியின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், பசி எவ்வளவு என்று எடை போட்டுவிடுவார். “ஜன்னலோரத்து அம்மாவுக்கு ரொட்டி போதும். எதிர்ல இருக்கறவரு சோறுதான் கேப்பாரு, பாத்துக்க” என்பார். அப்படியேதான் நடக்கும். எந்தப் படுக்கைக்குக் காரம் ஆகாது, எந்தக் குழந்தைக்குத் தனித் தட்டு வேண்டும் என்பதெல்லாம் மண்டையிலேயே இருக்கும். தூங்குகிறவர்களை எழுப்பமாட்டார். அவர்களுக்கென்று ஒரு பொட்டலத்தை அடுப்போரம் ஒதுக்கி வைத்துவிட்டு, விழித்தபின் சூடாகக் கொண்டுவந்து நீட்டுவார். அதற்காகவே அந்த வண்டியில் டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு என்பது அவருடைய நம்பிக்கை.

அவருடைய தம்பிக்கும் அதே ரயிலில்தான் வேலை. போர்வை, தலையணை கொடுக்கிற வேலை. அதை வாங்கிக் கொடுத்ததே தராசுதான். தம்பி சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டிருக்கிறானா என்றுகூடத் தானே பார்க்க வேண்டியிருக்கிறது என்று உடன் வேலை செய்பவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

இப்படி இருக்கும்போது நிர்வாகம் ஒரு சோதனை நடத்தியது. தொலைதூரப் படுக்கை டிக்கெட்டிலேயே சாப்பாட்டையும் சேர்த்துவிடுவது. கொஞ்ச காலம் நடத்திப் பார்த்து, பயணிகளையும் ஊழியர்களையும் கேட்டு, பிறகு முடிவு செய்வது. விற்பனை நின்றது. போர்வை கொடுப்பவர்கள்தான் எப்போதும் பெட்டியில் இருக்கிறார்களே, அவர்களே சாப்பாட்டையும் கொடுத்துவிடட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தராசைச் சமையல் பெட்டியில் உட்கார வைத்தார்கள். பொட்டலத்துக்கு மூடி போடுகிற வேலை!

தம்பிக்குப் புதுச் சட்டை வேறு கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் பெட்டிக்குள் நுழைவதை, அவர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று எட்டிப் பார்த்தார். “உங்க டிக்கெட்லயே இருக்கும்மா, எடுத்துக்குங்க” என்று தன் வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவன் மாதிரி நீட்டிக்கொண்டு போனான். “நல்லா இருப்பே தம்பி” என்றார் ஒரு பெரியவர். சமைத்தது வேறொருவர், மூடி போட்டது இவர், வாழ்த்து மட்டும் அவனுக்கு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

தம்பி காலித் தட்டுகளோடு திரும்பினான்.

“ஏண்டா, யாராவது என்னைக் கேட்டாங்களா?”

“யாரு?”

“பயணிங்கதான்டா. எங்க அவரைக் காணோம்னு…”

“இல்லியேண்ணே. சாப்பாடுதான் வந்துடுச்சே, அப்புறம் யாரு கேக்கப்போறா?”

சூதுவாது இல்லாமல்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரிந்தது. வீட்டில் மனைவியிடம் புலம்பினால், “வயித்தெரிச்சலுக்குக் கடையில மருந்து விக்கலீங்க. பேசாம சாப்பிட்டுட்டுப் படுங்க” என்றாள்.

நிர்வாகத்திலிருந்து ஒரு அதிகாரி, கடைசி நிலையத்தில் ஊழியர்களிடம் கருத்துக் கேட்க வருகிறார் என்று தெரிந்தது. ‘சேர்க்க வேண்டாம் சார்’ என்று சொல்வதற்குத் தராசு மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். அந்தச் சொல் எடுபட்டால்தான் பழைய வேலை திரும்பக் கிடைக்கும். குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே, அன்று மதியம் தம்பி பின்னாலேயே பெட்டிக்குள் போனார்.

கிடைத்தது. அசந்து தூங்குகிற ஒரு பெண்ணின் கால்மாட்டில் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தம்பி போயிருந்தான். அவள் புரண்டாள், குழம்பு விரிப்பில் கொட்டியது. வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் பக்கத்திலும் ஒரு முழுச் சாப்பாடு. தராசுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. ‘ஆளைப் பாத்துக் கொடுக்கத் தெரியாதவன் கையில கரண்டியைக் கொடுத்தா இப்படித்தான்.’

அந்தச் சந்தோஷத்தோடு நிமிர்ந்தபோதுதான் மேல் படுக்கையில் கொத்தனாரைப் பார்த்தார். வேலைக்கும் வீட்டுக்குமாக அடிக்கடி அந்த வண்டியில் போய்வருகிற ஆள். எத்தனையோ தடவை தராசு கேட்டிருக்கிறார்; ஒவ்வொரு தடவையும், “இப்பத்தான் சாப்பிட்டேன்” என்ற பதில்தான் வரும். சாப்பாட்டு ஆசையே இல்லாத ஆள் என்று எடை போட்டு, கேட்பதையே விட்டுவிட்டார். அந்த மனிதர் இப்போது கூரையில் தலை இடிக்கக் குனிந்து உட்கார்ந்து, மூடியில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, இதுக்கு அப்புறமா வந்து காசு எதுவும் கேக்கமாட்டீங்கல்ல?” என்று, கீழே ரொட்டியோடு வந்த தம்பியிடம் கேட்டார்.

“இல்லைய்யா. டிக்கெட்லயே இருக்கு. இன்னொரு ரொட்டி வேணுமா?”

கொத்தனார் சிரித்தார். பல் முழுக்கத் தெரிந்த அந்தச் சிரிப்பு, தராசு இத்தனை காலமும் நடந்து நடந்து ஒருநாளும் வாங்காதது. அதை இவன் ஒரு ரொட்டியில் வாங்கிவிட்டான்.

கொத்தனார் அவரையும் பார்த்துவிட்டார். “நீங்க விக்கறவருதானே? உங்க குரல் கேட்டாலே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன்.”

“ஏன், அவ்வளவு மோசமாவா இருக்கு என் குரல்?”

“குரலுக்கு என்ன. வாசனை வருமில்ல.”

தராசு அங்கிருந்து நகர்ந்தார். சமையல் பெட்டிக்குத் திரும்பி வந்து, காலியான பொட்டலத்துக்கெல்லாம் மூடி போட்டுக்கொண்டிருந்தார். சமையல்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கடைசி நிலையத்தில் அதிகாரி நடைமேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். “நீங்க ரொம்ப நாளா விக்கறவரு. சொல்லுங்க, சேக்கலாமா, வேண்டாமா?”

தம்பி புதுச் சட்டையில் பக்கத்திலேயே நின்றான். அவனைப் பார்த்தாலே ‘வேண்டாம்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. தராசு அதை மென்று விழுங்கினார்.

“சேத்துக்கலாம் சார். ஆனா எப்ப வேணும், எது வேணும்னு ஆளை முன்னாடியே கேக்கணும். தூங்கறவங்க கால்ல கொண்டுபோய்ப் படைக்கக் கூடாது.”

தம்பி தலையைச் சொறிந்தான்.

“சரி, அதை யாரு போய்க் கேக்கறது?” என்றார் அதிகாரி.

“நான்தான். வேற யாரு?”

“அப்ப நானுண்ணே?” என்றான் தம்பி.

“நீ போய் போர்வைய மடி.”

அதிகாரி சிரித்துவிட்டார். “ரெண்டு பேருமா பிரிச்சுக்கக் கூடாதா?”

தராசு யோசித்தார். “கீழ் படுக்கையெல்லாம் இவன் பாத்துக்கட்டும் சார். மேல் படுக்கை பூராவும் எனக்கு.”

“ஏறி ஏறி இறங்கணுமேண்ணே. உன் முட்டிக்குத் தாங்காது. நான் வேணா…”

“என் முட்டி, என் வலி. நீ மேல கண்ண வச்சே, தெரியும் சேதி.”